ஐந்து முத்திரையும் அப்படியே இருந்தன

வேண்டாம் தம்பி, பை மேலே போக வேண்டாம். மடியிலேயே இருக்கட்டும். கனமில்லை. உள்ளே ஒரு துண்டு, ஒரு ரெஜிஸ்டர், விரல் அளவுக்கு ஒரு பென்டிரைவ், அவ்வளவுதான். நீங்கள் எதுவரை? வேலூரா? நான் ஆம்பூர். நான் பேசுவது தொந்தரவாக இருந்தால் சொல்லிவிடுங்கள், நிறுத்திக்கொள்வேன். நிறுத்தப் பார்ப்பேன். நாற்பத்தாறு வருடம் மேடையில் நின்றவன். வீட்டிலும் இப்படித்தான் பேசுவேன். "சாம்பார் ஊத்தட்டுமான்னு கேட்டா, தீர்மானம் படிக்கிற மாதிரி பதில் சொல்றியே" என்று என் மனைவி சண்டைக்கு வருவாள்.

தணிகாசலம் என்பது என் பெயர். தோல் தொழிலாளர் சங்கம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மற்றதெல்லாம் துண்டறிக்கையில் படித்ததுதான். பிறகு நானே எழுத ஆரம்பித்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகள் எழுதியிருக்கிறேன். எண்பத்து மூன்றில் அச்சடித்த முதல் அறிக்கை இன்னும் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. மட்டமான தாள்தான், ஓரமெல்லாம் பழுப்பு. ஆனால் ஓர் எழுத்து அழியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்றைக்கும் படிக்கலாம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் இப்போது எங்கிருந்து வருகிறேன் தெரியுமா? சென்னை ரிச்சி தெருவிலிருந்து. மறந்துபோன பென்டிரைவுக்கு ஞாபகம் வரவழைக்கும் கடை ஒன்று அங்கே மாடியில் இருக்கிறது. மறக்கிற பொருளை விற்கிறவனும் அதே தெருவில்தான் இருக்கிறான். முதலாளித்துவத்தை இதைவிடச் சுருக்கமாக என்னால் விளக்க முடியாது.

சரி, முதலிலிருந்து சொல்கிறேன்.

பதினோரு வருடம் முன்பு எங்கள் பக்கம் ஓர் ஆலையில் பாய்லர் வெடித்தது. ஆலையின் பெயர் வேண்டாம், வழக்கு நடக்கிறது. நான்கு பேர் அங்கேயே போனார்கள். பாய்லர் ஓட்டியவர் மாசிலாமணி. அவரை உடம்பெல்லாம் வெந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஆறாம் நாள் அவரும் போனார். விசாரணை அறிக்கை வந்தது. என்ன எழுதினார்கள் தெரியுமா? ஆபரேட்டர் குடித்திருந்தார், அவருடைய அசட்டையால் விபத்து. முடிந்தது. மாசிலாமணி ஜெப சபைக்குப் போகிற ஆள் தம்பி. டீயே குடிக்க மாட்டார். சங்கக் கூட்டத்தில் எல்லோருக்கும் டீ வரும்போது அவருக்கு மட்டும் வெந்நீர் வரும். அவரைக் குடிகாரன் என்று எழுதினார்கள்.

அவர் போய்விட்டார், அவருக்கு என்ன? ஞானம்மாள்தான் இருக்கிறார், அவர் மனைவி. செத்துப்போன மற்ற நான்கு பேரின் வீடும் அதே தெருதான். குழாயடியில் அவர் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துவிடுவார்கள். "குடிச்சுட்டு நாலு பேரைக் கொன்னவன் பொண்டாட்டி." இதை முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். பதினோரு வருடமாக. நான் அந்தத் தெருவில் மூன்று கூட்டம் போட்டேன். கேட்டார்கள், கை தட்டினார்கள். மறுநாள் காலையில் குழாயடியில் அதே கதைதான்.

ஆனால் எங்களிடம் ஆதாரம் இருந்தது. அதுதான் விஷயம்.

ஐந்தாம் நாள் நானும் தோழர் கபூரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாசிலாமணிக்கு அன்று பேச்சு வந்தது. டாக்டர் கால் மணி நேரம் கொடுத்தார். கபூர் தன் போனில் வீடியோ எடுத்தார். ஞானம்மாளையும் மகள் சலோமியையும் வெளியே அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தார் உள்ளே இருந்தால் அழுகைதான் பதிவாகும், சாட்சியம் பதிவாகாது. அனுபவத்தில் சொல்கிறேன். நான் வழக்கப்படி அறிமுகம் செய்தேன். பிறகு அவர் எல்லாவற்றையும் சொன்னார். சேஃப்டி வால்வு ஒரு வாரமாகக் கசிகிறது, மூன்று தடவை போய்ச் சொன்னேன். ஏற்றுமதிச் சரக்கு நிற்கிறது, வால்வைக் கம்பி போட்டுக் கட்டிவிட்டு ஓட்டு என்றார்கள். யார் சொன்னது, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் நின்றது, எல்லாம் சொன்னார். மொத்தம் பதினான்கு நிமிடம்.

மறுநாள் அவர் இறந்துவிட்டார்.

இப்போது கவனியுங்கள். இப்படி ஓர் ஆதாரம் கையில் கிடைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நாலு பேருக்கு அனுப்புவீர்கள். அனுப்புவீர்கள்தானே? இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். நான் தொண்ணூற்று நான்கைப் பார்த்தவன். பேச்சுவார்த்தையில் மேனேஜர் எங்களைத் திட்டியதைக் கேசட்டில் பதிவு செய்தோம். ஆளாளுக்கு நகல் எடுத்தார்கள். ஒரு நகல் நிர்வாகத்துக்குப் போனது. அவர்கள் வெட்டினார்கள், ஒட்டினார்கள். நாங்கள் மேனேஜரைத் திட்டியது போல ஒரு கேசட் ஊர் முழுக்க ஓடியது. வேலை நிறுத்தமே உடைந்தது. அன்றைக்கு ஒரு விதி செய்தேன். மூலம் ஒன்று, முத்திரை ஐந்து. எங்கள் சங்கத் தேர்தலில் வாக்குப் பெட்டிக்கு என்ன செய்கிறோமோ அதேதான். சிவப்புத் துணியில் சுற்றி, அரக்கு வைத்து, நிர்வாகக் குழுவின் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து பேரும் இல்லாமல் பிரிக்கக் கூடாது. நகல் கிடையாது.

அப்படித்தான் செய்தோம். பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒரு பென்டிரைவ் வாங்கினோம், பில்லோடு. வீடியோவை அதில் ஏற்றினோம். கபூர் போனில் இருந்ததைக் குழுவின் முன்னிலையில் நானே அழிக்கச் சொன்னேன். "தலைவரே, என் போன்லயும் ஒண்ணு இருக்கட்டுமே" என்றார் கபூர். "உங்கள் மேல் நம்பிக்கை உண்டு தோழர், உங்கள் போன் மேல் இல்லை" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், கபூரும்தான். பிறகு சுற்றினோம், அரக்கு வைத்தோம், பீரோவில் வைத்துப் பூட்டினோம்.

சும்மா பூட்டிவிட்டுப் போய்விடவில்லை. அப்படி நினைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்டு பத்தொன்பது நினைவு நாள். மாசிலாமணி படத்துக்கு மாலை போட்டு, பீரோவைத் திறந்து, ஐந்து பேரும் முத்திரையை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். விரிசல் இருக்கிறதா, நூல் அறுந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம். "முத்திரைகள் பழுதின்றி உள்ளன" என்று ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். இதோ இந்த ரெஜிஸ்டர்தான், பாருங்கள். பதினோரு வருடம், ஒரு வருடம் தவறவில்லை. கொரோனா வருடத்தில்கூட முகமூடி போட்டுக்கொண்டு பார்த்தோம். எந்த அரசு அலுவலகத்தில் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

உள்ளே இருப்பதையா? இல்லை தம்பி. அதைப் பார்க்க வேண்டுமென்றால் முத்திரையை உடைக்க வேண்டுமே. முத்திரையே அதற்காகத்தானே?

நீங்களும் சலோமி மாதிரியே கேட்கிறீர்கள்.

நான்காவது நினைவு நாள். அந்தப் பெண் அப்போது கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பின்னாலிருந்து கேட்கிறாள். "மாமா, வருஷா வருஷம் சீலைப் பாக்கறீங்களே, உள்ள இருக்கறதைப் பாக்க வேணாமா? இதைச் சும்மா போட்டு வச்சா தானா அழிஞ்சுடும் மாமா. ஒரு காப்பி எடுத்து வேற இடத்துல வைக்கலாம்."

நான் பொறுமையாகத்தான் கேட்டேன். "பூட்டி வைத்த பொருள் எப்படியம்மா அழியும்? எலி தின்னுமா?"

"எலி வேணாம் மாமா. வெயில் போதும். மேல தகரம், மே மாசத்துல உள்ள உக்காரவே முடியல. அதுவும் இதே ரூம்லதான இருக்குது?"

"அம்மா, இந்தத் தகரத்துக்குக் கீழேதான் எண்பத்து மூன்றில் அச்சடித்த அறிக்கையும் இருக்கிறது. அது அழிந்துவிட்டதா?"

"அது காகிதம் மாமா!"

கூட்டத்தில் வைத்துக் கேட்டாள் பாருங்கள். எனக்குச் சந்தேகம் வந்தது. அவள் மேல் இல்லை. அவளுக்கு யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று. அதே வாரம் ஓர் அறிக்கை எழுதினேன், நூற்று எண்பத்தொன்பதாவது. தலைப்பு, "நகல் கேட்பவர் யார்? யாருக்காகக் கேட்கிறார்?" நல்ல அறிக்கை. வேகமான நடை. அவள் பெயரை நான் எழுதவில்லை. "ஒரு தியாகியின் வீட்டுக்குள்ளேயே நிர்வாகத்தின் நிழல் விழுகிறதோ" என்று மட்டும்தான் எழுதினேன். ஊரில் தியாகியின் வீடு ஒன்றுதான் இருந்தது என்றால் அது என் தவறா? அதற்குப் பிறகு மூன்று வருடம் சலோமி நினைவு நாளுக்கு வரவில்லை. ஞானம்மாள் மட்டும் வந்து ஓரமாக நிற்பார். பீரோவைத் திறக்கும்போது கண்ணை மூடி ஜெபம் செய்வார். அவருக்கு அந்தச் சிவப்புத் துணிதான் மாசிலாமணி.

வருடக்கணக்கில் வாய்தாவிலேயே கிடந்த வழக்கு எட்டு நாள் முன்புதான் விசாரணைக்கு எடுக்கப்பட்டது. ஐந்து பேரில் கபூர் கொரோனாவில் போய்விட்டார். மற்ற நான்கு பேரும் போனோம். ஞானம்மாள் தன்னிடம் இருந்த ஒரே பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சலோமியும் வந்தாள். நீதிபதி அம்மா முத்திரைகளைப் பார்த்தார். "இவ்வளவு பத்திரமா வச்சிருக்கீங்களே" என்று தமிழிலேயே சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிடம் என் வாழ்க்கையில் பெரிய நிமிடம். முத்திரையை உடைத்தார்கள். கம்ப்யூட்டரில் சொருகினார்கள். எல்லோரும் திரையைப் பார்க்கிறோம். ஒரு சின்னப் பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. "என்னம்மா கேட்கிறது?" என்று சலோமியிடம் கேட்டேன்.

"உள்ள ஒண்ணும் தெரியல, அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கட்டுமான்னு கேக்குது மாமா."

நிர்வாகத்தின் வக்கீல் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேனாவை மூடினார், அவ்வளவுதான்.

உள்ளே இருந்ததை மீட்டுக் கொண்டுவரப் பத்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. எங்கள் வக்கீல் வெளியே வந்து என்னைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, நீங்கதான் நேர்ல கேட்டவர். வால்வைக் கட்டச் சொன்னது யாருன்னு மாசிலாமணி சொன்னார்? அந்தப் பேரை வச்சு உங்க வாக்குமூலத்தையாவது தாக்கல் பண்றேன்."

தம்பி, அதுதான் எனக்கு வரவில்லை. அந்தப் பெயர். எட்டு நாளாக யோசிக்கிறேன். அவர் சொன்னார், தெளிவாகச் சொன்னார், நான் தலையைக்கூட ஆட்டினேன். வீட்டுக்குப் போய் அந்த வருடத்து அறிக்கைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லா அறிக்கையிலும் அந்தச் சம்பவத்தை எழுதியிருக்கிறேன். ஆனால் பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் "நிர்வாகத்தின் கைக்கூலி" என்று எழுதியிருக்கிறேன். ஒன்றில் "லாப வெறியின் ஏவலாள்." நல்ல தமிழ்தான். எழுத்தும் அழியவில்லை. ஆனால் பெயர் இல்லை. கபூர் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.

அப்புறம்தான் ரிச்சி தெரு. கடையில் இருப்பது ஒரு பெண்மணி. வாட்ச் ரிப்பேர் செய்கிறவர்கள் மாதிரி ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடி. பென்டிரைவை உடைத்து, நகம் அளவுக்கு ஒரு கறுப்புச் சில்லை எடுத்துக் காட்டினார். "இதுக்குள்ள கோடிக்கணக்குல குழி இருக்குதுங்கய்யா. ஒவ்வொண்ணுலயும் துளித்துளியா மின்சாரத்தை அடைச்சுத்தான் எழுதுது. அது கசிஞ்சுக்கிட்டே இருக்கும். நல்ல சரக்கா வாங்கி, குளிர்ச்சியா வச்சிருந்தா பத்து வருஷம் தாங்கலாம். மட்டமான சரக்கு, சூட்டுல வேற இருந்தா ரெண்டு மூணு வருஷத்துலயே ஆரம்பிச்சுடும். எந்தத் தேதிக்குப் போகும்னு யாரும் சொல்ல முடியாது."

"பாலுக்குத் தேதி போடுகிறான், மாத்திரைக்குத் தேதி போடுகிறான், இதற்கு ஏன் போடவில்லை?" என்று கேட்டேன்.

"போட்டா யாருங்க வாங்குவாங்க?" என்றார். பார்த்தீர்களா? கடைக்காரரே ஒப்புக்கொள்கிறார். இதை வைத்தே ஓர் அறிக்கை எழுதலாம். வாங்கிய பில்லை எடுத்துக் காட்டலாம் என்றால் அதுவும் வெள்ளைத் தாளாகக் கிடக்கிறது. மிஷினில் சூட்டில் அடித்த பில்லாம், அதுவும் தானாக மங்கிவிடுமாம்.

"சிடியில் போட்டிருந்தால்?"

"அதுலயும் சாயம் போயிடும் ஐயா. எதுல போட்டாலும் அப்பப்ப எடுத்துப் பாக்கணும், ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை வேற ஒண்ணுக்கு மாத்தி எழுதணும், ரெண்டு இடத்துல வைக்கணும். அவ்வளவுதான் வழி. இதுக்கு நகல் ஏதும் இருக்குதுங்களா?"

ஒழுங்கு, கட்டுப்பாடு, தொண்ணூற்று நான்கு, எல்லாவற்றையும் அவருக்கு விளக்கினேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அப்ப இல்லை" என்றார்.

இன்று காலை போன் செய்தார். கொஞ்சம் கிடைத்திருக்கிறது, வாருங்கள் என்று. சலோமியிடம் சொல்லிவிட்டுக் கிடைத்த பஸ்ஸைப் பிடித்தேன். கிடைத்ததை வேறொரு பென்டிரைவில் ஏற்றிப் போட்டுக் காட்டினார். படம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து வருகிறது, ஆனால் சத்தம் இருக்கிறது. என் சத்தம். அறிமுகம். "உழைக்கும் மக்களின் ரத்தத்தில் எழுதப்பட்ட வரலாற்றில்" என்று ஆரம்பிக்கிறேன். பதினோரு வருடத்துக்கு முன்பு எப்படிப்பட்ட குரல் எனக்கு! கடைக்கார அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். குரல் போய்க்கொண்டே இருக்கிறது. எண்பத்து மூன்றுக்குப் போகிறது. பிறகு தொண்ணூற்று நான்கு. எனக்கே லேசாக, எப்போது முடிப்பேன் என்று இருந்தது. ஒன்பது நிமிடம் தம்பி. பதினான்கில் ஒன்பது. "இனி தோழர் மாசிலாமணி பேசுவார்" என்று சொல்கிறேன், அதோடு படம் சாம்பல் நிறத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு மேல் வெறும் குழிகள்தான், ஒன்றுமில்லை என்றார்.

அதோடு எழுந்திருந்தால் பரவாயில்லை. அந்த அம்மா ஹெட்போனை எடுத்து என் காதில் வைத்தார். "நடுவுல அவரும் பேசறாருங்கய்யா, கேட்டீங்களா?"

எனக்கு நினைவே இல்லை. சத்தியமாக இல்லை. மூன்றாவது நிமிடத்தில், என் குரலுக்குக் கீழே, "அண்ணே, நான் சொல்லட்டுமா?" என்கிறார். நான், "கொஞ்சம் பொறுங்கள் தோழர்." ஆறாவது நிமிடத்தில், "பேரை மட்டும் சொல்லிடறேன்ணே. மூச்சு வாங்குது." நான், "வரிசையாக வருவோம் தோழர்." அப்புறம் ஒரு இருமல். அவ்வளவுதான். அவர் குரல் அவ்வளவுதான் மிச்சம்.

வரிசையாகத்தானே தம்பி வர வேண்டும்? பின்னணி இல்லாமல் சாட்சியம் சொன்னால் யாருக்குப் புரியும்? மொட்டையாக ஒரு பெயரைச் சொன்னால் அது சாட்சியமா? சொல்லுங்கள்.

நீங்கள் ஏன் ஜன்னலைப் பார்க்கிறீர்கள்?

போன் அடிக்கிறது. சலோமிதான். காலையிலிருந்து ஏழாவது தடவை. எடுக்க வேண்டும். எனக்குக் காது மந்தம், சத்தமாக வைத்துத்தான் பேசுவேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஹலோ. ஆமாம்மா, பஸ்ஸில்தான். காவேரிப்பாக்கம் தாண்டிவிட்டோம்.

"கிடைச்சுதா மாமா?"

கொஞ்சம் கிடைத்திருக்கிறது.

"அப்பா குரல் இருக்குதா?"

இருக்கிறதம்மா.

"யம்மா! இருக்குதாம்! அப்பா பேசறாராம்! இரு, இரு, அழாத, கேக்க விடு. மாமா, என்ன சொல்றாரு?"

"அண்ணே, நான் சொல்லட்டுமா" என்கிறாரம்மா.

"அவரேதான். அப்படித்தான் கேட்டுட்டுப் பேசுவாரு. நீங்க என்ன சொன்னீங்க?"

ஹலோ.

"மாமா? நீங்க அதுக்கு என்ன சொன்னீங்க?"

ஹலோ, சலோமி, சரியாகக் கேட்கவில்லையம்மா. ஹலோ.

இல்லை தம்பி. டவர் நன்றாகத்தான் இருக்கிறது. அவள் இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.